பத்து லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம்

"மேடம், தலையை மட்டும் ஆட்டிராதீங்க. எச்சில் முழுங்கலாம், மூச்சு சாதாரணமா விடலாம். முடியலன்னா கையில இருக்கிற பந்தை அமுக்குங்க, நான் உடனே வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு, செண்பகம் என்ற அந்த ஸ்கேன் பெண் எப்சிபாவின் முகத்துக்கு மேல் வெள்ளைக் கூண்டு ஒன்றைக் கவிழ்த்து டக்கென்று பூட்டினாள். படுத்திருந்த பலகை நகர்ந்தது. கால் பக்கம் வெளிச்சம் இருக்க, தலைப் பக்கம் குழாய்க்குள் போனது. கண்ணைத் திறந்து பார்த்தவள் திறந்திருக்கக் கூடாது என்று உடனே நினைத்தாள். மூக்குக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை. மூடிக்கொண்டாள். மூடியபின் கூரை இன்னும் கீழே இறங்கி வந்துவிட்டதுபோல் இருந்தது. எண்ணு, எப்சி, எண்ணு. எண்ணுவதற்கு என்ன இருக்கிறது இங்கே, இடது மணிக்கட்டில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டை, அதில் அச்சடித்த எண், 1005973. பட்டையைக் கட்டும்போதே பார்த்து வைத்துக்கொண்டாள். தெரிந்தேதான் பார்த்து வைத்துக்கொண்டாள். வெளியே நாற்காலியில் ஆசீர் உட்கார்ந்திருப்பார், அவளுடைய தாலிச் சங்கிலியையும் கம்மலையும் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதிப் பழகிய அந்த மனுஷன் இங்கே சத்தம் போட்டுத் தும்மக்கூடப் பயந்துகொண்டு. பத்து லட்சத்து ஐயாயிரத்து. அதுவரைக்கும் வாய்க்குள் வந்தது. அதற்குமேல் மூன்று இலக்கம் இருக்கிறது, 973, கண்ணுக்குள் பளிச்சென்று நிற்கிறது, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயர் இருக்கும் இடம்வரை போய்ப் பார்த்தால் இடம் மட்டும் இருக்கிறது. சொச்சம் என்று வைத்துக்கொள். பத்து லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம். சந்தையில் சொல்வதுபோல. சிரிப்பு வரப் பார்த்தது. சிரித்தால் தலை ஆடும்.

சத்தம் தொடங்கியது. முதலில் யாரோ தூரத்தில் சுவரைத் தட்டுவதுபோல, பிறகு அந்தச் சுவரே தலைக்குள் இருப்பதுபோல, டக் டக் டக் டக், பிறகு ஒரு நீண்ட கிர்ர்ர். காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் ஹெட்போன், அதையும் மீறிப் பல்லுக்குள் கேட்டது. நடந்தது இவ்வளவுதான். போன மாதம் பி.எஸ்ஸி. முதலாண்டு வகுப்பில், எண் கோட்பாடு, பகா எண் என்றால் என்ன, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். பார்த்தால் பகா எண்போலத் தெரிந்து ஏமாற்றுகிற ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு அவளே கரும்பலகையில் 91 என்று எழுதினாள். ஏழு பதின்மூன்று என்று சொல்ல வேண்டும். அதற்குமுன் எழுதியதைப் படிக்க வேண்டும். வாயைத் திறந்தாள். வரவில்லை. கையில் சாக்பீஸ், முன்னால் அறுபது பெண்கள், மின்விசிறி ஓடுகிறது, எண் அங்கே இருக்கிறது, வாயில் இல்லை. எத்தனை நேரம் நின்றாளோ. பிறகு அவள் வாய் சொன்னது, "எண்பத்துப் பதினொன்று." வகுப்பே சிரித்தது. மேடம் ஜோக் அடிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தது. முதல் பெஞ்சிலிருந்த ஒருத்தி சிரித்துக்கொண்டே "தொண்ணூத்தி ஒண்ணு மேடம்" என்றாள். ஆமாம், அதுதான், கேட்டதும் தெரிந்தது. இவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சாக்பீஸ் பிடித்திருந்த விரலைப் பார்த்தாள், விரல் யாருடையதோபோல் இருந்தது. சாக்பீஸ் விழுந்த சத்தத்தைக் கேட்டுத்தான் அது விழுந்ததே தெரிந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். எழுபது, எண்பது, அப்புறம் நூறு. எழுபது, எண்பது, நூறு. நடுவில் ஒரு படி இல்லை. எழுநூறு, எண்ணூறு, ஆயிரம். அங்கேயும் இல்லை. பிறர் சொன்னால் தெரிகிறது, எழுதியிருந்தால் தெரிகிறது, தானாகத் தேடிப் போனால் படி இருந்த இடத்தில் கால் கீழே இறங்குகிறது.

டாக்டர் நல்லவர். நரம்பு டாக்டர். சுத்தியலால் முழங்காலில் தட்டினார், கண்ணில் டார்ச் அடித்தார், விரலைத் தொடச் சொன்னார், பிறகு ஆங்கிலத்தில் நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போகச் சொன்னார். அவளும் ஆங்கிலத்தில் மளமளவென்று சொன்னாள். நைன்ட்டி த்ரீ என்று வழுக்கிக்கொண்டு வந்தது. அது எப்படி வந்தது, தமிழில் காணாமல் போன படி ஆங்கிலத்தில் மட்டும் எப்படி இருக்கிறது, ஒரே வீட்டுக்கு இரண்டு மாடிப்படியா. டாக்டர் மகிழ்ந்துபோய், "கணக்கு வாத்தியார்கிட்ட இதைக் கேட்டது என் தப்பு" என்றார். ஆசீர் நிம்மதியாக மூச்சு விட்டார். "அந்த வார்த்தை இப்ப வருதாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "வருது டாக்டர்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? பக்கத்தில் ஆசீர் உட்கார்ந்திருந்தார், அதனால். வருகிறது என்று சொன்னால் வந்துவிடும் என்று நினைத்தாள், அதனால். டாக்டர் அதற்குப் பிறகும், எதற்கும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். எதற்கும். அந்த ஒரு சொல் வீடு வரைக்கும் கூடவே வந்தது. நூற்றிலிருந்து ஏழு கழிப்பது மூளையைச் சோதிப்பதாகாது, அது நாக்கு, அது வாய்ப்பாடு, செத்தபின்னும் சொல்வாள். மூளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் இதுவரை யாரும் அவளுக்குச் சொல்லித்தராத எண் வேண்டும், அவள் பார்த்தே இராத எண். அதனால்தான் பட்டையைக் கட்டும்போது பார்த்து வைத்துக்கொண்டாள். இந்தக் குழாயிலிருந்து வெளியே போவதற்குள் இது பகா எண்ணா இல்லையா என்று கண்டுபிடிக்க வேண்டும். தாள் இல்லாமல், விரல் இல்லாமல். கண்டுபிடித்துவிட்டால். என்ன? கண்டுபிடித்துவிட்டால் என்ன என்று அவள் முடிக்கவில்லை.

சரி, ஆரம்பி. கடைசியில் மூன்று, ஆகவே இரண்டும் ஐந்தும் போயிற்று. இலக்கங்களைக் கூட்டு, ஒன்று, ஐந்து, ஒன்பது, ஏழு, மூன்று, இருபத்தைந்து. மூன்றும் போயிற்று. இது பிள்ளைகள் வேலை. அடுத்து ஏழு, பதினொன்று, பதின்மூன்று, மூன்றையும் ஒரே வீச்சில் பார்க்கலாம், மூன்றையும் பெருக்கினால் ஆயிரத்து ஒன்று, அது ஒரு நல்ல பூட்டு, ஒரு சாவி போட்டால் மூன்று கதவு. சாவி. அம்மா. வேண்டாம், இப்போது வேண்டாம். ஆயிரத்து ஒன்றை ஆயிரத்து நான்கு தடவை எடு, பத்து லட்சத்து ஐயாயிரத்து நான்கு, கழித்தால் 969. அது ஏழால் போனால் எண்ணும் ஏழால் போகும். ஏழால் மீதி மூன்று. பதினொன்றால் மீதி ஒன்று. பதின்மூன்றால் மீதி ஏழு. போகவில்லை. ஆனால் இந்த 969 எங்கேயோ பார்த்த முகம். பதினேழு ஐம்பத்தேழு. ஆமாம்! பதினேழு ஐம்பத்தேழு 969. பதினேழால் போகிறது, எண் உடைந்துவிட்டது, இவ்வளவு சீக்கிரமா, இவ்வளவு லேசாகவா, நெஞ்சுக்குள் ஏதோ குதித்தது, பார்த்தாயா, மூளை இருக்கிறது, இருக்கிறது. சத்தம் நின்றது. சத்தம் நின்ற அந்த அமைதியில்தான் அவளுக்கு உடம்பு குளிர்ந்தது. ஆயிரத்து ஒன்றின் மீதி ஏழு, பதினொன்று, பதின்மூன்றைப் பற்றித்தான் பேசும். பதினேழைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆயிரத்து ஒன்றுக்குள் பதினேழே கிடையாதே. இது முதலாண்டுப் பெண் செய்கிற தப்பு. முதலாண்டுப் பெண்கூடச் செய்ய மாட்டாள், முதல் பெஞ்சுக்காரி செய்யவே மாட்டாள். இவள் செய்திருக்கிறாள், அதோடு சந்தோஷமும் பட்டிருக்கிறாள். தப்புச் செய்ததுகூடப் பரவாயில்லை, தப்பு அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே, அதுதான். அம்மாவும் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

அடுத்த சத்தம் வேறு மாதிரி வந்தது, ரம்பத்தால் தகரத்தை அறுப்பதுபோல. அம்மா நாசரேத்தில், வீட்டு முன்னறைக் கட்டிலில், வாய் ஒரு பக்கமாக இழுத்தபின் இருந்த நாட்களில், அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சியிருந்தது. சாவி. தண்ணீர் வேண்டும் என்றால் "சாவி குடு" என்பாள். திரும்பிப் படுக்க வேண்டும் என்றால் "சாவி." போதகர் ஜெபித்து முடித்ததும் எல்லாரும் ஆமென் சொன்னபோது அம்மா திருப்தியாக "சாவி" என்றாள். எப்சிபா சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் நின்றால் முகமெல்லாம் மலர்ந்து, கையை நீட்டி, "சாவி! சாவி வந்துட்டியாட்டி!" என்பாள். தான் சரியாகத்தான் பேசுகிறோம் என்று அவளுக்கு நினைப்பு. நமக்குத்தான் புரியவில்லை என்று அவளுக்குக் கோபம்கூட வரும். அதைத்தான் எப்சிபாவால் மறக்க முடியவில்லை, அந்த நம்பிக்கையை, பேசுவது தப்பு என்று தெரியாமலே இருப்பதை. மகள் ஷைனி கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்து நிற்கும்போது நான் அவளை என்னவென்று கூப்பிடுவேன், எண்பத்துப் பதினொன்று என்றா? பிள்ளை சிரிக்கும், முதலில் சிரிக்கும், பிறகு அப்பா முகத்தைப் பார்க்கும். கையிலிருந்த ரப்பர் பந்து வியர்வையில் வழுக்கியது. கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டாள். அமுக்கவில்லை. பதினேழை ஒழுங்காகப் போடு. பதினேழு ஐம்பத்தொன்பது ஆயிரத்து மூன்று, ஆக ஐம்பத்தொன்பதாயிரம் தடவைக்குப் பத்து லட்சத்து மூவாயிரம், மிச்சம் 2973, அதில் நூற்று எழுபத்து நாலு தடவை, மீதி பதினைந்து. சரிபார். சரிதான். மறுபடியும் சரிபார். சரிதான் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் முன்பும் அப்படித்தானே தோன்றியது.

பத்தொன்பது. மீதி பதினெட்டு. இன்னும் ஒன்று இருந்திருந்தால் போயிருக்கும். இருபத்து மூன்று. மீதி இருபத்திரண்டு. அங்கேயும் ஒன்று குறைகிறது. அதெப்படி இரண்டு இடத்திலும் ஒன்றே குறையும், யாரோ வேண்டுமென்றே ஒன்றை எடுத்து ஒளித்து வைத்ததுபோல. அப்படி நினைக்காதே. எண்ணுக்கு மனசு கிடையாது. இருபத்தொன்பதில் மீதி இருபத்தொன்று. முப்பத்தொன்றில் இருபத்து மூன்று. பத்து லட்சத்துக்குப் பக்கத்தில் ஏறக்குறைய பதினான்கு எண்ணுக்கு ஒன்றுதான் பகா எண், அது அவளுக்குத் தெரியும், ஆனால் சின்ன எண்கள் ஒவ்வொன்றும் கைவிட்டுப் போகப் போக, இது உடையாத எண்ணாக இருக்கக்கூடும் என்ற சந்தேகம் கனத்துக்கொண்டே வந்தது. அப்போது அது வந்தது. வரக் கூடாது என்று அவள் ஆரம்பத்திலிருந்தே தள்ளி வைத்திருந்த நினைப்பு. இது பகா எண்ணாக இருந்தால் தலைக்குள் ஒன்றும் இல்லை. சீ. கணக்கில் டாக்டர் பட்டம் வாங்கியவள், சோசியம் பார்க்கிற சபைச் சகோதரிகளைக் கண்டால் சிரிக்கிறவள், இங்கே படுத்துக்கொண்டு பூப்போட்டுப் பார்க்கிறாள். ஆனால் நினைப்பு போகவில்லை, வாசலில் நின்ற நாய்போல நின்றது. சரி, பகா எண் என்றால் ஒன்றுமில்லை, முழுசு, யாராலும் பிளக்க முடியாது. அப்படியென்றால் பகு எண் என்றால்? பிளந்துவிடும். தலையைப் பிளப்பார்கள். இல்லை, அப்படியும் இல்லை, பகு எண் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும், தெரிந்தால் நல்லதுதானே, பகா எண் என்றால் கடைசிவரை ஒன்றும் தெரியாமலே மூடிக்கொண்டு கிடக்கும், அம்மாபோல. எதை வேண்டுகிறாய் எப்சி, முதலில் அதைச் சொல், உடையட்டும் என்றா, உடைய வேண்டாம் என்றா. கர்த்தாவே என்று ஆரம்பித்தாள், அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை. முப்பத்தேழு, மீதி பதினேழு. நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு. நாற்பத்து மூன்று, மீதி முப்பத்தொன்று. நாற்பத்தேழு, மீதி முப்பத்திரண்டு. ஐம்பத்து மூன்று, மீதி முப்பத்து மூன்று. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. படியேறுவதுபோல. யாரோ உள்ளே படியேறி வருவதுபோல.

பலகை நகர்ந்தது. வெளிச்சம். முடிந்துவிட்டதா? கூண்டு திறக்கவில்லை. செண்பகத்தின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. "மேடம், அப்படியே இருங்க. டாக்டர் ஒரு மருந்து போட்டு இன்னும் கொஞ்சம் படம் எடுக்கச் சொல்றாங்க. சார்கிட்ட கையெழுத்து வாங்கியாச்சு. லேசா ஊசி, அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"படம் இன்னும் தெளிவா தெரியும் மேடம்."

"ஏதாவது இருக்கா?"

செண்பகம் ஊசி போட நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "அதை டாக்டர்தான் சொல்வாங்க மேடம். கையை இறுக்கிப் பிடிங்க." ஒன்றுமில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். ஒன்றுமில்லாதவர்களிடம் அப்படித்தானே சொல்வார்கள், அட ஒன்றுமில்லை மேடம், சும்மா, எல்லாருக்கும் எடுக்கிறதுதான் என்று. அவள் சொல்லவில்லை. மருந்து உள்ளே போனபோது கைவழியாக ஒரு குளிர் ஏறித் தோள்வரை வந்தது, வாயில் இரும்பைச் சப்பியதுபோல் ஒரு ருசி. "பார்த்துக்கிட்டே இருக்கேன் மேடம், பயப்படாதீங்க" என்று அந்தப் பெண் இவள் முழங்கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். அந்த அழுத்தலும் பயமாகத்தான் இருந்தது. அன்பாக இருக்கிறார்கள் என்றால் ஏதோ இருக்கிறது. ஆசீரிடம் என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்? அவர் பேனாவைக் கடன் கேட்டிருப்பார், சட்டைப்பையில் விசில்தான் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு எங்கே போடச் சொன்னார்கள் என்று மறுபடி கேட்டிருப்பார். பலகை உள்ளே போனது. கூரை. சத்தம், இப்போது இன்னும் கிட்டத்தில், வெறிபிடித்ததுபோல. எங்கே விட்டாள்? ஐம்பத்து மூன்றா? அதை முடித்துவிட்டாளா? ஐம்பத்து மூன்றில் மீதி முப்பத்து மூன்று, அது நாற்பத்தேழின் மீதியா? படிகள் கலைந்துவிட்டன. இருபத்தொன்பதில் என்ன வந்தது? ஞாபகமில்லை. போட்டுப் பார்த்தாளா இல்லையா என்பதே ஞாபகமில்லை. திரும்ப முதலிலிருந்து, கடைசியில் மூன்று, ஆகவே இரண்டும், இரண்டும், அப்புறம் என்ன? கட்டைவிரல் பந்தின்மேல் இருக்கிறது. அமுக்கினால் போதும். வந்துவிடுவாள், கூண்டைத் திறப்பாள், எழுந்து உட்கார்ந்து மூச்சு விடலாம், செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், படத்தைப் பார்க்காமலே போகலாம், எத்தனை பேர் பார்க்காமலே இருந்துவிட்டுப் போகிறார்கள். அமுக்கு. அமுக்கப் போகிறாள். எவ்வளவு தூரம்தான் இப்படிப் போக வேண்டும், ஐம்பத்தொன்பது, அறுபத்தொன்று, அறுபத்தேழு, இதற்கு ஒரு முடிவு எங்கே என்று ஒரு சிறுபிள்ளை கேட்பதுபோல அவளுக்குள் கேட்டது.

வர்க்க மூலம்வரை. வகுப்பில் எத்தனை வருஷம் சொல்லியிருக்கிறாள், ஒரு எண் உடையும் என்றால் அதன் வர்க்க மூலத்துக்குள்ளேயே ஒரு துண்டு அகப்பட்டுவிடும், அதற்குமேல் தேட வேண்டாம். மூலம் எவ்வளவு? ஆயிரத்தைவிடக் கொஞ்சம் கூட. ஆயிரத்து இரண்டின் வர்க்கம் பத்து லட்சத்து நாலாயிரத்து நாலு, போதாது. ஆயிரத்து மூன்றின் வர்க்கம் பத்து லட்சத்து ஆறாயிரத்து ஒன்பது. அது தாண்டிவிட்டது. எவ்வளவு தாண்டியது? 1006009இல் 1005973 போனால். முப்பத்தாறு.

முப்பத்தாறு.

கட்டைவிரல் தானாகவே பந்தைவிட்டு இறங்கியது. முப்பத்தாறு ஆறின் வர்க்கம். ஆயிரத்து மூன்றின் வர்க்கத்தில் ஆறின் வர்க்கம் போனால் அவளுடைய எண். ஒரு வர்க்கத்தில் இன்னொரு வர்க்கம் போனால் அது இரண்டாகப் பிரியும், கழித்ததும் கூட்டியதும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், ஆயிரத்து மூன்றில் ஆறு போனால் ஒன்று, ஆயிரத்து மூன்றோடு ஆறு சேர்ந்தால் இன்னொன்று. 997. 1009. இவ்வளவுதான். ஒரு தட்டுத் தட்டியதும் நடுவில் கோடு விழுந்து இரண்டாகத் திறந்தது. சரிபார், சரிபார், இந்தத் தடவை சந்தோஷப்படாதே. 1009ஐ ஆயிரம் தடவை எடுத்துவிட்டு மூன்று தடவையைத் திருப்பிக் கொடு, பத்து லட்சத்து ஒன்பதாயிரத்தில் மூவாயிரத்து இருபத்தேழு போனால், 1005973. சரி. சரி. கண்ணோரம் சூடாக ஏதோ ஒழுகிக் காதுப் பஞ்சுக்குள் போயிற்று, துடைக்க முடியாது, தலையை ஆட்டக் கூடாது. இரண்டுமே பகா எண்கள், அவளுக்குத் தெரிந்தவைதான். ஆயிரத்துக்குக் கீழே கடைசிப் பகா எண் அது. ஆயிரத்துக்கு மேலே முதல் பகா எண் இது. நடுவில் ஆயிரம் உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைப்பிடித்துக்கொண்டு நிற்கும் அடுத்தடுத்த இரண்டு பேர். கீழேயிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே வந்திருந்தால் ஆயிரத்துக்குள் இருக்கும் பகா எண்கள் அத்தனையிலும் தோற்று, ஆகக் கடைசிக் கதவில்தான் திறந்திருக்கும், அதுவும் தட்ட ஆள் இருந்தால். எத்தனை எண்கள் இந்த ஆஸ்பத்திரிப் பட்டைகளில் இருந்திருக்கும், இவளுக்கு இது வந்திருக்கிறது. அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. அர்த்தம் இல்லாமலே அது அழகாக இருந்தது. பந்தயத்தில் ஜெயித்தாளா தோற்றாளா என்று பார்த்தாள். பந்தயம் என்னவென்று அவள் முடிவு பண்ணவே இல்லை. சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும். இதைக் கண்டுபிடித்தது இந்த மூளைதான், இப்போது, இங்கே, மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது, எதுவோ ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே. அப்படியென்றால் இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும். சரி, இப்போது சொல்லிப் பார். முதல் எண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. மனதுக்குள்தான், யாருக்கும் கேட்காது. எழுநூறு, எண்ணூறு. கால் கீழே இறங்கியது. இல்லை. அது இன்னும் இல்லை.

படம் பார்க்கும் டாக்டர் சின்ன வயசுப் பெண், ரிப்போர்ட் நாளைக்குத்தான் என்று சொல்லாமல் அவளே இருவரையும் அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். திரையில் எப்சிபாவின் தலை கறுப்பும் சாம்பலுமாக, வால்நட் பருப்பை நறுக்கி வைத்ததுபோல் இருந்தது. இடது பக்கம் ஓரத்தில் ஒரு வெள்ளை உருண்டை, மருந்தைக் குடித்துப் பளபளவென்று. ஆசீர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கைக்குட்டை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இது மூளைக்குள்ள இல்லம்மா. மூளையைச் சுத்தி ஒரு உறை இருக்கு, அதுல வளர்ந்திருக்கு. கோலிக்குண்டு அளவு. வருஷக்கணக்கா மெதுவா வளர்ந்திருக்கும். பார்த்தா கெட்ட கட்டி மாதிரி தெரியல. எடுத்து டெஸ்ட் பண்ணினாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்" என்றாள் டாக்டர். "எடுத்திரலாம். ஆனா அது அழுத்துற இடம் பேச்சுக்குப் பக்கம். அதனால ஆபரேஷன் பண்றவங்களுக்கு இப்ப பேச்சு எப்படி இருக்குன்னு சரியாத் தெரியணும். ஏதாவது தடுமாற்றம் இருக்கா?"

"இல்ல டாக்டர்" என்று ஆசீர் முந்திக்கொண்டார். "வகுப்புல ஒரே ஒரு தடவதான். அதும் ஒரு வார்த்தை. அதுக்கப்புறம் நல்லாத்தான் பேசுதா. வீட்டுல என்னை ஏசுததுல ஒரு வார்த்தை கொறையல." சிரிக்கப் பார்த்தார். டாக்டரும் சிரித்தாள். எழுதப் போனாள்.

"இருக்கு" என்றாள் எப்சிபா.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். வாயில் இரும்பு ருசி இன்னும் போகவில்லை. "வருதுன்னு நான் பொய் சொன்னேன் டாக்டர். அன்னைக்கு நரம்பு டாக்டர்கிட்ட. வரல. அன்னைலேருந்து ஒரு நாளும் வரல."

"என்ன வார்த்தைம்மா?"

"சொல்ல வந்தா வராது. அதான் வார்த்தை." அவள் ஆசீரின் பக்கம் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்க்கத்தான் இத்தனை நாள் பயந்திருந்தாள், முகம் அவள் நினைத்ததுபோல இல்லை, மைதானத்தில் பிள்ளை விழுந்தால் ஓடிப் போய்க் குனிந்து பார்ப்பாரே, அதுபோல இருந்தது. "உள்ள ஒரு எண்ணை உடைச்சேங்க. பெரிய எண். ரெண்டா உடைஞ்சது. ஒண்ணு வந்து, ஒண்ணு..." தேடினாள். எண்ணூறு. அங்கே நின்றாள். டாக்டர் பேனாவை நகர்த்தவில்லை. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனாள். "ஆயிரத்துக்கு மூணு கொறச்சல்."

ஆசீருக்குக் கணக்கு வராது. விரல்விட்டு, உதட்டுக்குள்ளேயே எண்ணினார். "தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி ஏழு" என்றார் மெதுவாக, தப்பாகிவிடுமோ என்று பயந்தவர்போல.

"ஆமா. அதுதான்."

"இன்னொண்ணு?"

"ஆயிரத்தி ஒம்பது." அது தானாக வந்தது.

டாக்டர் குனிந்து எழுதினாள், நிறைய எழுதினாள். இன்றைக்கே நரம்பு டாக்டரைப் பார்த்துவிடுங்கள், நான் போன் பண்ணிச் சொல்லுகிறேன் என்று சொல்லி எழுந்தாள். வெளியே வராந்தாவில் வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. ஆசீர் கைக்குட்டையை அவிழ்க்க முயன்றார், முடிச்சு இறுகிப்போய் விரலுக்கு வரவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தார். சங்கிலியை அவள் கழுத்தில் போடும்போது அவர் கையை அவள் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"சொல்லுததுக்கு அந்த வார்த்தையே இல்லியேங்க."

அவர் கொக்கியை மாட்டினார். ஒரு தடவை தப்பி, மறு தடவை மாட்டியது.

"டாக்டர்கிட்ட நானே எல்லாத்தையும் சொல்லுதேன்" என்றாள் எப்சிபா. "வராத எடத்துல நீங்க எடுத்துக் குடுங்க."

"குடுக்கேன்" என்றார் ஆசீர். "நீ மூணு கொறச்சல், நாலு கொறச்சல்னு சொல்லு. நான் கண்டுபிடிச்சிருவேன். கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான்."